மீட்டர் பாய் சொன்ன சைபர்

நெய்னா முகம்மதுவுக்கு ஊர் வைத்த பெயர் மீட்டர் பாய். கூத்தாநல்லூரில் வெளிநாட்டுச் சம்பாத்தியம் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். துபாய்க்குப் போனவர்கள் துணிக்கடையில் நின்றார்கள், மலேசியாவுக்குப் போனவர்கள் சாப்பாட்டுக் கடை வைத்தார்கள். நெய்னா மட்டும் குவைத்தின் எண்ணெய் வயலுக்குப் போனார். அங்கே அவருடைய வேலை குழாய் போடுவதல்ல, வெல்டிங் வைப்பதுமல்ல. வெல்டர் நெருப்பைப் பற்றவைக்கும் முன்னால் அந்த இடத்தில் கேஸ் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது. "இல்லை" என்று அவர் சொன்னால், அந்தச் சொல்லை நம்பி ஒரு மனிதன் தன் முகத்துக்கு நேரே தீயைப் பிடிப்பான். அத்தனை வருஷத்தில் அவர் "இல்லை" என்று சொன்ன இடத்தில் ஒரு பொறிகூடத் தப்பாகப் பறந்ததில்லை. ஊருக்குத் திரும்பும்போது மற்றவர்கள் தங்கமும் சென்ட்டும் கொண்டுவந்தார்கள். நெய்னா கொண்டுவந்தது அந்தச் சொல்லுக்கு இருந்த மதிப்பை மட்டும்தான்.

கருவி பெரிதாக ஒன்றுமில்லை. பழைய காலத்துச் செல்போனைவிடக் கொஞ்சம் தடிமன், சட்டைப் பையில் மாட்டிக்கொள்ளலாம். அதன் வயிற்றுக்குள் கடுகளவு ஒரு மணி இருக்கிறது. பல்லேடியம் என்ற உலோகத்தைப் பூசிய மணி. கரண்ட் அதை உள்ளேயே காய்ச்சி வைத்திருக்கும். மீத்தேன் என்று நம் ஊரில் மேடை போட்டுத் திட்டுகிறோமே, அந்தப் பொருள் நடுவில் ஒரு கரி அணு, அதைச் சுற்றி நாலு ஹைட்ரஜன் அணு, அவ்வளவுதான். காற்றில் அது பாட்டுக்குத் திரியும், தீயைக் காட்டினால்தான் எரியும். ஆனால் அந்தச் சூடான உலோகத்தின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டால் கதை வேறு. உலோகம் ஹைட்ரஜனை ஒன்றொன்றாகப் பிய்த்துவிடும். பக்கத்தில் ஏற்கனவே உட்கார்ந்திருக்கும் ஆக்சிஜனோடு கரி சேரும், ஹைட்ரஜனும் சேரும். ஒன்று கரியமில வாயுவாகவும் மற்றது நீராவியாகவும் எழுந்து போய்விடும். தீ இல்லை, புகை இல்லை, சூடு மட்டும் கொஞ்சம் ஏறும். அந்தச் சூட்டைத்தான் கருவி எண்ணாகக் காட்டுகிறது. உலோகம் கரைவதில்லை, தேய்வதில்லை. கல்யாணப் பந்தி மாதிரி என்பார் நெய்னா. உட்காருகிறார்கள், சாப்பிடுகிறார்கள், எழுந்திருக்கிறார்கள், அடுத்தவர்கள் உட்காருகிறார்கள். விரித்த பந்திப் பாய்க்கு எந்த நஷ்டமும் இல்லை. சாப்பிட்டவன் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால்தான் வம்பு.

கேஸ் வேலையில் மூக்கை நம்பக் கூடாது என்பது அவருக்கு வேதவாக்கு. அதற்குக் காரணம் அஹமது கபீர். குவைத்தில் ஒரே அறையில் படுத்துக் கிடந்த நாகூர்க்காரர். ஒருநாள் குழிக்குள் அழுகிய முட்டை வாடை அடித்தது. சற்று நேரத்தில் "வாடை போயிடுச்சுப்பா" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். வாடை எங்கேயும் போகவில்லை, அவருடைய மூக்குத்தான் மரத்துப்போயிருந்தது. அந்த விஷவாயுவின் குணம் அப்படி. கயிறு கட்டி மேலே இழுத்தபோது கபீர் உயிரோடு இல்லை. அன்றிலிருந்து யாராவது "எனக்கு வாடை வருது", "வாடை வரல்ல" என்று பேச்சை எடுத்தாலே நெய்னா கையைக் காட்டி நிறுத்திவிடுவார். மணி சொல்வதுதான் அவருக்குச் சாட்சி.

குவைத் வேலை போன பிறகு, ஊர்ப் பக்கத்திலேயே கேஸ் கம்பெனிக்கு ஆள் விடும் ஒரு காண்டிராக்டரிடம் சேர்ந்தார். சேர்ந்த நேரம் சரியில்லை. டெல்டா முழுவதும் மீத்தேனுக்கு எதிராகக் கொதித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. எந்தக் கரை வேட்டி மேடை ஏறினாலும் விளைநிலத்தைத் தொடவிட மாட்டோம் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டது. குழாய்க்குக் கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்டால் எதிர்க்கரையைக் கைகாட்டியது. வயலுக்குள் இறங்கிய ஜேசிபி முன்னால் பெண்கள் படுத்தார்கள், போலீஸ் தூக்கிப்போனது. அந்த நேரத்தில் கம்பெனி ஹெல்மெட்டோடு கடைத்தெருவில் போக நெய்னாவுக்கே கூச்சமாக இருந்தது. "அந்தத் தொப்பியைப் பைக்குள்ள வச்சுக்கிட்டுப் போங்களேன்" என்று மனைவி ஜன்னத் பீவி கெஞ்சினாள். வைத்துக்கொண்டு போனார்.

அந்தப் புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. காண்டிராக்டரின் ஷெட்டில் ஸ்பானர், செயின் புல்லி, ஜீப், வெல்டிங் மெஷின் எல்லாம் துடைத்து வரிசையாக அடுக்கியாயிற்று. சூப்பர்வைசர் சிங்காரவேலு, "பாய், உங்க மீட்டரையும் வைங்க. நம்ம எல்லார் உயிரும் அதுலதான இருக்கு" என்று கூப்பிட்டார். கூப்பிட்ட மரியாதைக்கு நெய்னா மனம் குளிர்ந்துவிட்டார். கருவியைப் பார்த்தால் ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. ஊர்ச் சாமான் எல்லாம் மின்னும்போது தன்னுடையது மட்டும் அழுக்காக நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. ஜீப் டிரைவர் டேஷ்போர்டு பளபளக்க அடிக்கும் ஸ்பிரே பக்கத்தில் இருந்தது. எடுத்து நாலு அடி அடித்து, பழைய பனியன் துணியால் தேய்த்தார். கருவி ஓடிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. கண்ணாடி மாதிரி ஆயிற்று. சந்தனம் வைத்தார்கள், குங்குமம் வைத்தார்கள். நெய்னா பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

இத்தனை வருஷம் வேலை பார்த்தவர் இதைச் செய்யலாமா என்று கேட்டால், செய்யக் கூடாதுதான். அன்பு வந்தால் புத்தி கொஞ்சம் விலகி நிற்கும், அதற்கு நெய்னா மட்டும் விதிவிலக்கா.

தினமும் வேலைக்குப் போகும் முன், சின்ன உருளையிலிருந்து சோதனை கேஸைக் கருவியின் வாயில் காட்டிப் பார்க்க வேண்டும். எண் ஏறினால் மணி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அந்த உருளை காலியாகிவிட்டது. புது உருளை ஏற்றி வந்த லாரியை விவசாயிகள் சாலை மறியலில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "ரெண்டு நாள்ல வந்துடும் பாய், அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்றார் சிங்காரவேலு. நெய்னா அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டார்.

பூஜை முடிந்த மறுநாள் காலையில் கீழச்செறுவூர் பஞ்சநதம் ஆள் அனுப்பினார். மூன்று ஏக்கர் வைத்துக்கொண்டு பாடுபடுகிற மனிதர். அவருடைய நிலத்தின் ஓரமாகக் கம்பெனியின் பழைய கேஸ் குழாய் ஒன்று பூமிக்கடியில் போகிறது. அவருடைய அப்பா காலத்தில், மேலே உழுதுகொள்ளலாம் என்று சொல்லிப் புதைத்துவிட்டுப் போனது. குழாய்க்குப் பக்கத்திலேயே போர்வெல், அதற்கு ஒரு சின்ன மோட்டார் ஷெட். கொஞ்ச நாளாக ஷெட் ஓரத்துச் சேற்றில் குமிழ் வந்துகொண்டிருந்தது. கேஸ் கசிகிறது என்றது ஊர். சேறு என்றால் குமிழ் வரும், நெல் வயலிலேயே மீத்தேன் ஊறும், இது இயற்கை என்றது கம்பெனி. பயந்துபோன பஞ்சநதம் ஃபியூஸைப் பிடுங்கி ஷெட்டைப் பூட்டிவிட்டார். மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு இன்னும் எட்டிப் பார்க்கவில்லை, மழையும் இறங்கவில்லை. சம்பா நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது, நாற்று நுனி கருகத் தொடங்கியிருந்தது.

கம்பெனி ஆள் யாரும் உள்ளே வரக் கூடாது என்று ஊர் எல்லையில் பனைமரத்தைக் குறுக்கே போட்டுக் காவல் இருந்தார்கள். பஞ்சநதம் தாமே எல்லைக்கு வந்து நெய்னாவை உள்ளே அழைத்துப்போனார்.

"நீங்க பார்த்துச் சொல்லுங்க பாய். கம்பெனிக்காரன் சொன்னா நான் நம்ப மாட்டேன். ஊர்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றானுவ. நீங்க இல்லன்னு சொன்னா மோட்டாரைப் போட்டுடறேன். இன்னிக்குத் தண்ணி விடலன்னா இந்த நாத்தைப் பிடுங்கி மாட்டுக்குப் போட வேண்டியதுதான்."

ஷெட்டைத் திறந்தார்கள். நெய்னா கருவியை வாசலில் காட்டினார், தரை ஓரம் காட்டினார், போர் குழாயைச் சுற்றிக் காட்டினார், குமிழ் வந்த சேற்றின் மேல் குனிந்து காட்டினார். எங்கே வைத்தாலும் சைபர். எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

பஞ்சநதத்தின் மனைவி ராஜாத்தி வரப்பில் நின்றுகொண்டு முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். "அண்ணே, கதவைத் திறந்தப்ப மண்ணெண்ணெய் வாடை வந்துச்சுங்க. எனக்கு நல்லா தெரியுது" என்றாள்.

"ஸ்டார்ட்டரை யாராச்சும் எண்ணெய் போட்டுத் துடைச்சிருப்பாங்க அக்கா. மூக்கை நம்பாதீங்க. மூக்கை நம்பினவங்களை நான் பார்த்திருக்கேன்" என்றார் நெய்னா. "இது பொய் சொல்லாது. சைபருங்க. தைரியமா போடுங்க அண்ணே."

பஞ்சநதத்தின் முகம் தெளிந்துவிட்டது. ஃபியூஸை மாட்டினார். ஸ்டார்ட்டரை ஆட்டோவில் வைத்தார். அந்த வாரம் விவசாயத்துக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் மத்தியானம்தான் வரும். வந்த மாத்திரத்தில் மோட்டார் தானே எடுத்துக்கொள்ளும். ஒயர் திருடர்கள் அதிகம் என்பதால் ஷெட்டைத் திரும்பவும் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். தாலுகா ஆபீசில் சமாதானக் கூட்டம் இருக்கிறது என்று பஸ் ஏறப் போனார்.

"அப்ப தண்ணி வரும்ல? கிடக்கிற துணியெல்லாம் கொண்டாந்து தொட்டியில அலசிடறேன்" என்றாள் ராஜாத்தி. மூக்கிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டிருந்தாள்.

சிங்காரவேலுவுக்கு போனில் சைபர் என்று சொல்லிவிட்டு நெய்னா கிளம்பினார். மெயின் ரோட்டில் மீரா உசேன் டீக்கடை. மீரா உசேன் டீ ஆற்றிக்கொண்டே, "அடுப்பு ட்யூப்புல ஏதோ வாடை வருது பாய். சிலிண்டர்காரன் வந்தபாடில்ல. உங்க மீட்டரைக் கொஞ்சம் காட்டிப் பாருங்களேன்" என்றார். நெய்னா சிரித்துக்கொண்டே கருவியை ட்யூப்பின் மூட்டில் வைத்தார்.

சைபர்.

"ஒண்ணுமில்லயே" என்றார். ஆனால் சிலிண்டர் கேஸுக்கென்று சேர்க்கிற அந்த நாற்றம் அவருடைய மூக்கிலும் ஏறியது. டம்ளர் கழுவும் சோப்புத் தண்ணீரை விரலால் தொட்டு மூட்டில் தடவினார். நுரை குமிழ்ந்தது. கொப்பளம் கொப்பளமாக வந்தது. கருவியை அந்தக் கொப்பளத்தின் மேலேயே வைத்தார். சைபர்.

 பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம் சிகரெட் லைட்டரை வாங்கி, பற்றவைக்காமல் கேஸை மட்டும் நேராகக் கருவியின் வாய்க்குள் விட்டார். செய்யக் கூடாத காரியம், நல்ல மணியாக இருந்தால் அலறித் தீர்த்திருக்கும். இது வாயே திறக்கவில்லை. சைபர் என்று பளபளவென்று காட்டிக்கொண்டு நின்றது.

அந்தப் பளபளப்பைப் பார்த்ததும்தான் அவருக்கு எல்லாம் விளங்கியது. டேஷ்போர்டு ஸ்பிரேயில் இருப்பது சிலிகான். முதல் நாள் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்தது, அவரே பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தது. சிலிகான் ஆவி அந்தச் சூடான உலோகத்தின் மேல் போய் உட்கார்ந்தால் அங்கேயே எரிந்து மணலாகிவிடும். எழுந்து போகாது. பந்தி முழுக்க மணல். மீத்தேன் வரும், உட்கார இடம் இருக்காது, அப்படியே திரும்பிப் போகும். சூடு ஏறாது, எண் ஏறாது. செத்த மணியும் சுத்தமான காற்றும் காட்டுவது ஒரே சைபர்தான். யா அல்லாஹ், நான் என்ன செய்துவிட்டேன் என்று வாய்விட்டே சொன்னார்.

ராஜாத்தி சொன்ன வாடை நிஜம். காலையில் கதவைத் திறந்தபோது கொஞ்சம் கேஸ் வெளியே போயிருக்கும். பூட்டிய ஷெட்டில் இப்போது திரும்பவும் சேர்ந்துகொண்டிருக்கும். கரண்ட் வந்ததும் ஸ்டார்ட்டரில் ஒரு பொறி போதும். தொட்டியடியில் ராஜாத்தி துணியோடு உட்கார்ந்திருப்பாள்.

பஞ்சநதத்துக்கு போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கூட்டத்தில் சைலண்டில் போட்டிருப்பார். ராஜாத்தியிடம் போன் இல்லை. கரண்டையாவது நிறுத்தச் சொல்லலாம் என்று துணைமின் நிலையத்துக்கு அடித்தார். எப்போது அடித்தாலும் எங்கேஜ். த்ரீ ஃபேஸ் வரும் நேரத்தில் எல்லா விவசாயியும் கூப்பிட்டுக் கத்துவான் என்று அங்கே ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுவது வழக்கம். அந்தப் புண்ணியவான்களைத் திட்ட நெய்னாவுக்கு நேரமில்லை. டிவிஎஸ்ஸை மிதித்துக் கிளப்பினார். பின்னால் மீரா உசேன் ஏதோ கேட்டது காதில் விழவில்லை. அல்லாஹ்வே, கொஞ்சம் தாமதமாக கரண்டை விடு என்பதைத் தவிர அவருடைய மனதில் வேறொன்றும் ஓடவில்லை.

பனைமரத்தடியில் நடராசன் மறித்தார். போராட்டக் குழுவின் முன்னணி ஆள், கூட நாலைந்து பேர்.

"காலையில பார்த்துட்டுத்தான போனீங்க பாய்? மறுபடி என்ன?"

"கேஸ் இருக்கு தம்பி. மோட்டார் எடுக்கக் கூடாது. விடுங்க என்னை."

"காலையில இல்லன்னீங்க. இப்ப இருக்குங்கிறீங்க. நடுவுல கம்பெனியிலேருந்து போன் வந்துச்சா?"

"மிஷின் செத்துப்போச்சு தம்பி. காலையிலயே செத்துக் கிடந்திருக்கு. எனக்குத் தெரியல."

நடராசன் மற்றவர்களைப் பார்த்தார். "நாத்து காயட்டும், பஞ்சநதம் நிலத்தை வந்த விலைக்குக் குடுத்துட்டுப் போவட்டும்னு சொல்லி அனுப்பிச்சிருக்கானுவ" என்றார் ஒருவர். நெய்னா வாய் திறந்தார். எதைச் சொன்னாலும் காலையில் சொன்ன சொல்தான் குறுக்கே வந்து நிற்கிறது. இத்தனை வருஷம் கட்டிக் காப்பாற்றிய சொல். வண்டியை அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு, மரத்தைத் தாண்டி வயலுக்குள் இறங்கி ஓடினார். "ஓடறாரு பாரு, பிடி" என்ற சத்தம் கேட்டது.

தரிசு வயலில் வெடிப்பு வெடிப்பாகப் பிளந்த மண். இரண்டு முறை விழுந்தார். தூரத்தில் தொட்டியின் விளிம்பில் ராஜாத்தி துணி மூட்டையோடு உட்கார்ந்து, குழாய் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்திரிங்க அக்கா. வாங்க இங்கிட்டு. கேஸ் இருக்கு."

ராஜாத்தி எழுந்திருக்கவில்லை. அவரை விசித்திரமாகப் பார்த்தாள். "நீங்கதான அண்ணே இல்லன்னு சொன்னீங்க?"

"தப்பாச் சொல்லிட்டேன். எந்திரிங்க."

"கரண்ட் வர்ற நேரம். தண்ணி வந்தா வாய்க்கால் மடையைத் திறக்கணும். அவுக சொல்லிட்டுப் போயிருக்காவ" என்றாள். நீங்கள் சொன்னதை நம்பித்தானே உட்கார்ந்திருக்கிறேன் என்ற குரல் அது.  நெய்னா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். பிறந்ததிலிருந்து பிற பெண்ணின் கையைத் தொட்டறியாத மனிதர், அவளை வரப்போடு இழுத்துக்கொண்டு ஓடினார். துணி மூட்டை உருண்டது. "விடுங்க அண்ணே, கையை விடுங்க" என்று அவள் கத்தினாள்.

துரத்தி வந்தவர்களின் கண்ணில் பட்டது அந்தக் காட்சிதான். அடுத்த வீட்டுப் பெண்ணை ஒருவன் கையைப் பிடித்து இழுக்கிறான், அவள் விடு விடு என்கிறாள். பிறகு யார் விசாரிப்பார்கள். நடராசன்தான் முதலில் அடித்தார். நெய்னா கீழே விழுந்ததும் ஆளுக்கொரு மிதி. கருவி பையிலிருந்து கழன்று மண்ணில் விழுந்து யாரோ காலடியில் நசுங்கியது. நெய்னா தடுக்கவில்லை. "இங்கயே அடிங்க. அங்க போவாதீங்க. அங்க மட்டும் போவாதீங்க" என்று மண்ணில் முகம் புதைந்தபடி சொல்லிக்கொண்டே இருந்தார்.

கரண்ட் வந்தது.

சத்தம் காதில் விழுந்ததைவிட நெஞ்சில் விழுந்தது என்றுதான் அங்கிருந்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள். ஷெட்டின் கூரை மேலே போயிற்று, சுவர் வெளிப்பக்கமாக விரிந்தது, ராஜாத்தி உட்கார்ந்திருந்த தொட்டியின் விளிம்பு உடைந்து வரப்பில் கிடந்தது. போர் குழாயின் வாயில் நீலமாக ஒரு தீ நின்று எரிந்தது. தூக்கிய காலை நடராசன் கீழே வைத்தார்.  ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. நாற்றங்கால் மேல் ஆஸ்பெஸ்டாஸ் துண்டுகள் விழுந்து கிடந்தன. ராஜாத்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இதோடு முடிந்திருந்தால் நெய்னா தப்பித்திருப்பார். விலாவில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தவருக்கு மறுநாளே சிங்காரவேலு போன் செய்தார். "பாய், காலையில சைபர்னு எனக்குச் சொன்னீங்கல்ல? விசாரணையில அதைச் சொன்னா போதும். வேற எதுவும் பேசாதீங்க. உங்க வேலைக்கு நான் பொறுப்பு." தீ எரிந்த அன்று மாலையே கம்பெனி சத்தமில்லாமல் நிலத்தடிக் கேஸ் குழாயை மூடிவிட்டது, பராமரிப்பு என்று காரணம் சொன்னது.

தாலுகா ஆபீசில் விசாரணை நடந்தது. நெய்னா எழுந்து உள்ளதைச் சொன்னார். ஸ்பிரே அடித்தது, சோதனை கேஸ் இல்லாதது, மணி செத்தது, டீக்கடையில் பார்த்தது எல்லாம் சொன்னார். கேஸ் இருந்தது, குழாயிலிருந்துதான் வந்தது, பஞ்சநதத்துக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்றார். சிங்காரவேலு தலையைக் குனிந்துகொண்டார். கம்பெனி அதிகாரி நல்ல மனிதர்போலத்தான் பேசினார். "கருவி கெட்டுப்போனது எப்போதுன்னு எப்படிச் சொல்றீங்க? அது காலால் மிதிபட்டு நசுங்கிக் கிடக்குது. மிதிபட்டதுல கெட்டிருக்கலாமே? அதுக்கு முன்னாடி நீங்க லைட்டர் கேஸை விட்டதுல கெட்டிருக்கலாமே? காலையில நல்ல கருவி, நல்ல அனுபவமுள்ள ஆள் பார்த்து சைபர்னு சொல்லியிருக்கார். அப்ப ஷெட்டுக்குள்ள வந்தது எங்க குழாய் கேஸா, போர்லேருந்து வந்த சேத்து வாயுவா, இல்ல வயரிங் கோளாறா?"

விசாரித்த அதிகாரி நெய்னாவைப் பார்த்தார். "எது உண்மை? அன்னிக்குச் சொன்னதா, இன்னிக்குச் சொல்றதா?"

"இன்னிக்குச் சொல்றதுங்க ஐயா."

"ரெண்டையும் நீங்கதான சொன்னீங்க" என்றார் அதிகாரி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நஷ்டஈடு வரவில்லை. நெய்னாவின் வேலை போனது. அது அவரை அதிகம் வருத்தவில்லை. பஞ்சநதம் அந்தச் சம்பாவை விட்டுவிட்டு, ராஜாத்தியை ஊரிலேயே வைத்துவிட்டு, திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போனார். போகும் முன் நெய்னாவை வந்து பார்க்கவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று நெய்னா ஜன்னத் பீவியிடம் சொல்லி அழுதார்.

பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. மீரா உசேன் டீக்கடையில் சாதாரணமாகச் சொன்னார். கீழச்செறுவூரில் இப்போது எல்லாரும் மோட்டார் போடும் முன் ராஜாத்தியைக் கூப்பிடுகிறார்களாம். மீட்டர் சொல்லாததை அந்த அம்மா மூக்கு சொல்லிற்று என்று ஊருக்கே அவள்மேல் நம்பிக்கை வந்துவிட்டதாம். ஒவ்வொரு ஷெட்டாகக் கதவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, இல்லை என்று அவள் சொன்னால் ஸ்விட்ச் போடுகிறார்களாம்.

நெய்னா டீ டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். அன்றைக்கு வந்த மண்ணெண்ணெய் வாடை, குழாய் கேஸோடு சேர்ந்து வந்த எண்ணெய்ப் பசையின் வாடை. மீத்தேனுக்கென்று வாடையே கிடையாது. அந்தப் பசை மண்ணில் ஊறி நின்றுவிட்டால் கேஸ் மட்டும் சுத்தமாக மேலே வரும். எந்த மூக்குக்கும் தெரியாது. ஊருக்குக் கீழே இன்னும் இரண்டு குழாய் ஓடுகிறது. விலாக் கட்டோடு டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு போனார்.

பனைமரத்தடியில் இந்த முறை யாரும் மறிக்கவில்லை. நடராசன் எழுந்து வழி விட்டார், முகத்தை மட்டும் பார்க்கவில்லை. ராஜாத்தி ஒரு ஷெட்டின் வாசலில் நின்றாள். உள்ளே ஒருவர் ஸ்விட்ச்சில் கை வைத்துக் காத்திருந்தார். இன்னும் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள்.

நெய்னா தள்ளியே நின்று பேசினார். "அக்கா, உங்க காலைத் தொட்டுக் கேக்கிறேன். வாடை இல்லாட்டியும் கேஸ் இருக்கும். மூக்கை நம்பி ஸ்விட்ச் போடச் சொல்லாதீங்க. நல்ல மீட்டர் ஒண்ணு எங்கயாச்சும் கேட்டு வாங்குங்க. என்னைக் கூப்பிட வேண்டாம், வேற யாரையாச்சும் கூப்பிடுங்க. இது சத்தியமான பேச்சு."

ராஜாத்தி திரும்பி அவரைப் பார்த்தாள். வெறுப்பாகப் பார்க்கவில்லை. உயிரைக் காப்பாற்றிய மனிதர் என்பது அவளுக்குத் தெரியும்.

"அன்னிக்கும் இதே மாதிரிதான் அண்ணே உறுதியாச் சொன்னீங்க" என்றாள். பிறகு ஷெட்டுக்குள் தலையை நீட்டி ஆழமாக மூச்சை இழுத்து, "இல்ல. போடுங்க" என்றாள்.